நகரத்துப் பறவைகளின் குடிமதிப்பு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

மனிதர்களை எண்ணுவதற்கு அரசாங்கம் ஆள் அனுப்புகிறது. வாசலில் வந்து நின்று, பெயர் என்ன, வயது என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். நம் வீட்டு வேப்பமரத்தில் குடியிருக்கும் பறவைகளை யார் எண்ணுவது? அவற்றுக்குக் கதவிலக்கம் இல்லை. குடும்ப அட்டையும் இல்லை. ஒரு கிளையில் இருப்பதை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் பறந்துவிடும்! ஆயினும் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் பறவைகளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்ற பெரியவர்கள், இல்லத்தரசிகள் என்று எல்லோரும் அதில் உண்டு.

இந்த ஆண்டு எங்கள் வகுப்பிலிருந்து நாங்கள் ஐந்து பேர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். சிற்றாலயத்துக்குப் பின்னால் உள்ள நம் பள்ளித் தோட்டமே நாங்கள் எண்ணிய இடம். எண்ணியதைப் பற்றிச் சொல்லுமுன், எண்ணுவதற்காக நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பறவைகளை எண்ணும் வழக்கம் ஒரு கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று ஆண்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, துப்பாக்கிகளோடு காட்டுக்குள் போவார்களாம். எந்த அணி அதிகமாகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவிக்கிறதோ அந்த அணிக்கு வெற்றி. பாலன் இயேசு பிறந்த நாளில் இப்படி ஒரு விளையாட்டு! ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளருக்கு இது பொறுக்கவில்லை. “சுடாமல் எண்ணுவோம்” என்று ஒரு மாற்று யோசனையை முன்வைத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர், 25 இடங்களில் எண்ணினார்கள். ஏறக்குறைய 90 வகைப் பறவைகள் கணக்கில் வந்தன. அன்று தொடங்கியது இன்றுவரை ஆண்டு தவறாமல் நடந்துவருகிறது.

நம் நாட்டில் இந்த ஆர்வத்தை வளர்த்தவர்களில் முதலிடம் சாலிம் அலி அவர்களுக்கே. 1896-ல் பம்பாயில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அந்த ஒரு கேள்வி அவரை 1987-ல் இறக்கும்வரை விடவில்லை. 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பின்னால் வந்த பல தலைமுறையினருக்குக் கைவிளக்காக விளங்கியது. சென்னையில் 1978 முதல் இயற்கை ஆர்வலர் கழகம் ஒன்று இயங்கிவருகிறது. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய ‘கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு’ 2013-ல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் அது நடக்கும். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களிலும் எண்ணுகிறார்கள். போகியன்று பழையன கழிவதைப் பார்த்துக்கொண்டே கொண்டைக்குருவியையும் எண்ணிக்கொள்ளலாம். காணும் பொங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா?

முறை மிக எளிது. ஓரிடத்தில் நின்றோ மெல்ல நடந்தோ குறைந்தது 15 நிமிடம் பார்க்க வேண்டும். கண்ணால் கண்டவை, குரலைக் கேட்டு அடையாளம் தெரிந்தவை எல்லாவற்றையும் எண்ணிக்கையுடன் எழுத வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரம், எத்தனை பேர் பார்த்தோம் என்பதையும் குறிக்க வேண்டும். பிறகு 2002 முதல் இயங்கிவரும் ‘இ-பேர்ட்’ என்ற பொதுக் கணக்கில் அதைச் சேர்த்துவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இதில் காகத்தை எழுத வெட்கப்படக் கூடாது. நாங்கள் முதல் நாள் அந்தத் தவற்றைத்தான் செய்தோம். “காக்கா எல்லாம் ஒரு பறவையா?” என்று விட்டுவிட்டு, மரங்கொத்தியைத் தேடிக் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றோம். ஆனால் கண்டதையெல்லாம் எழுதினால்தான் காணாதது எது என்று தெரியும். ஒரு ஊரிலிருந்து 100 முழுப் பட்டியல்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சிட்டுக்குருவி இந்த ஆண்டு 40 பட்டியல்களில் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் 60-ல் இருந்தது என்றால், குருவி குறைகிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். விரும்பியதை மட்டும் எழுதினால் இந்தக் கணக்குப் போடவே முடியாது. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இப்படி எழுதிய பட்டியல்களை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அவற்றில் 178 வகைகள் உடனடிக் கவனம் வேண்டுபவை என்று அறிவித்தது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சென்ற அக்டோபர் மாதம், ஆறுமணிக்குருவி ஒன்று நம் தோட்டத்துக்கு வந்திருந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு. வட இந்தியாவில் அதற்கு ஒன்பது நிறத்தாள் என்று பொருள்படும் ‘நவரங்’ என்ற பெயர் உண்டு. கோடையில் நடு இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை அது. இரவில் பறப்பதால் சில சமயம் களைத்துப்போய் வீட்டு முற்றங்களில் விழுவதும் உண்டு. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். நம் தோட்டத்து மூலையில் குவிந்திருந்த சருகுகளைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்ததை நாங்கள் ஐவரும் பார்த்தோம்.

பிப்ரவரியில் எண்ணும் நாள் வந்தது. நான்கு நாட்களும் தேடினோம்; அது இல்லை. எங்களில் ஒருத்தி, “இந்த ஆண்டு வந்தது உண்மைதானே? ஒன்று என்று எழுதிவிடுவோம். நம் பட்டியலைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள்” என்றாள். உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லோருக்குமே அந்த ஆசை இருந்தது. எழுதியும் விட்டோம். எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். “எப்போது பார்த்தீர்கள்?” என்றார்.

“அக்டோபரில், சிஸ்டர்.”

“இது எந்த மாதக் கணக்கு?”

“பிப்ரவரி, சிஸ்டர்.”

“அப்படியானால் அக்டோபர்க் குருவி அக்டோபர்ப் பட்டியலில் இருக்கட்டும், அம்மா. பிப்ரவரியில் அது இல்லை என்பதும் ஒரு செய்திதான்.”

சிவப்பு மையால் அடித்துவிட்டார். அன்று எங்களுக்கு மனத்தாங்கல்தான். பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, எங்களைப் போல ஆயிரம் பள்ளிகளில் ஆயிரம் பேர் ஆசைக்கு ஒன்றைச் சேர்த்து எழுதினால், இல்லாத ஆறுமணிக்குருவிகள் ஆயிரம் தாளில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும். மெய்யானவை குறைந்துபோனாலும் யாருக்கும் தெரியவராது.

சரி, ஒரு நகரத்தில் ஓரிடத்தில் நான்கு வகைப் பறவையும் மற்றோரிடத்தில் நாற்பது வகைப் பறவையும் இருப்பது ஏன்? நாங்கள் மிகவும் விரும்பிப் படித்தது இதைத்தான்.

முதலில் எண்ணிக்கை வேறு, வகை வேறு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சந்தைக்கூரையில் 100 பறவைகள் இருக்கின்றன. அவற்றில் 90 மாடப்புறா, 10 காகம். ஒரு பழைய தோட்டத்திலும் 100 பறவைகள் இருக்கின்றன. அவை 25 வகையைச் சேர்ந்தவை. தொகை ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒன்றாகுமா? நகரம் வளரும்போது பல இடங்களில் பறவைகளின் தொகை குறைவதில்லை, கூடக்கூடச் செய்கிறது. வகைகள்தாம் குறைகின்றன. உலகின் 54 நகரங்களின் பறவைப் பட்டியல்களைத் திரட்டி 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாடப்புறா, சிட்டுக்குருவி, ஐரோப்பிய மைனா எனப்படும் ஸ்டார்லிங், தகைவிலான் ஆகிய நான்கும் அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட நகரங்களில் காணப்பட்டனவாம். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரிக் கட்டடம், ஒரே மாதிரிக் கடை, ஒரே மாதிரிப் பறவை! அதே ஆய்வு மகிழ்ச்சியான செய்தியும் சொல்கிறது. உலகத்துப் பறவை வகைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நகரங்களிலும் வாழ்கிறது. ஆகவே, நகரம் என்றாலே பறவைக்குப் பகை என்று சொல்வதற்கில்லை.

1996-ல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் பறவைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். நகரத்தைக் கண்டால் விலகி ஓடுபவை ஒன்று. தோட்டம் இருந்தால் ஒத்துப்போபவை இரண்டு. நம்மை அண்டியே செழிப்பவை மூன்று. நம் ஊரில் மூன்றாம் கூட்டத்துக்குத் தலைவர் காகம் என்பதில் யாருக்கும் ஐயம் இராது. தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, செம்போத்து ஆகியவை இரண்டாம் கூட்டம். நம் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் கூட்டத்தின் கதிதான். கொஞ்சம் இடம் கொடுத்தால் இருக்கும், கொடுக்காவிட்டால் போய்விடும்.

இடம் என்றால் என்ன? பரப்பு மட்டுமா? பரப்பும் முக்கியந்தான். கடலில் உள்ள தீவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், பெரிய தீவில் அதிக வகை உயிர்களும், கரைக்கு அருகிலுள்ள தீவில் அதிக வகைகளும் இருக்கும் என்று 1967-ல் ஒரு கொள்கையை வகுத்தார்கள். நகரத்துப் பூங்காக்களும் சிமெண்டுக் கடலில் மிதக்கும் தீவுகளே அல்லவா? சென்னையின் நடுவே கிண்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய 270 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. அடையாறு ஆற்றின் கழிமுகத்துக்கு அருகில் பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. இவை பெரிய தீவுகள். இடையிலுள்ள தெருமரங்களும் வீட்டுத் தோட்டங்களும் ஆற்றைக் கடக்கப் போட்ட கற்களைப் போலப் பயன்படுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது, இப்படிப்பட்ட கற்கள் எத்தனை ஒரே நாளில் பறிபோயின!

ஆனால் பரப்பைவிடச் சுவையான ஒரு செய்தி உண்டு. 1961-ல் மக்கார்த்தர் என்ற அறிஞரும் அவருடைய சகோதரரும் காடுகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். எத்தனை வகை மரம் இருக்கிறது என்பதைக் காட்டிலும், தழை எத்தனை அடுக்காக இருக்கிறது என்பதே பறவை வகைகளைத் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள். இதை நம் தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். தரைத்தளம் என்பது சருகு. அங்கே தவிட்டுக்குருவி ஏழெட்டாகக் கூடிக் கலகலவென்று பேசிக்கொண்டு புழு பொறுக்கும். கொண்டலாத்தி மண்ணைக் குத்தும். விருந்தாளியாக ஆறுமணிக்குருவி வரும். முதல் மாடி புதர். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டுவதும், கொண்டைக்குருவி முட்டையிடுவதும் அங்கேதான். இரண்டாம் மாடி மரக்கிளை. குயிலும் மாங்குயிலும் வால்காக்கையும் குடியிருக்கும். மொட்டைமாடி வானம், பருந்து வட்டமிடும். இப்போது புதிதாக அமைக்கும் பூங்காக்களைப் பாருங்கள். கீழே கத்தரித்த புல், மேலே உயர்ந்த மரம், நடுவில் ஒன்றுமே இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தரைத்தளத்தையும் முதல் மாடியையும் இடித்துவிட்டு, வாடகைக்கு ஆள் வரவில்லையே என்றால் எப்படி வரும்?

மரம் எந்த மரம் என்பதும் ஒரு பொருட்டே. பழந்தின்னும் பறவைகள்கூடக் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழுவைத்தான் ஊட்டுகின்றன. புழு வேண்டுமென்றால் புழு தின்னும் இலை வேண்டும். மண்ணுக்குரிய மரங்களில் மண்ணுக்குரிய பூச்சிகள் பெருகும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அழகுச் செடிகள் பலவற்றில் நம் பூச்சிகள் வாய் வைப்பதில்லை. “பூச்சியே அரிக்காத செடி” என்று விற்கிறார்கள். நாமும் மகிழ்ந்து வாங்குகிறோம். வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் ஒரு சிறு குருவியை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவு இது: தோட்டத்துத் தாவரங்களில் அயல்நாட்டுச் செடிகளின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டினால், அங்கே அந்தக் குருவியினம் தன் தொகையைக் காத்துக்கொள்ள முடிவதில்லை. தோட்டம் பச்சையாகத்தான் இருக்கிறது; குஞ்சுக்குச் சோறு இல்லை.

காய்ந்த கிளைக்கும் ஒரு வேலை உண்டு என்று அறிந்தபோது எனக்குப் பெருவியப்பு. செம்மார்புக் குக்குறுவான் என்று ஒரு குட்டிப் பறவை. ‘டொக் டொக்’ என்று கன்னான் செம்பைத் தட்டுவதுபோல நாள் முழுதும் குரல் கொடுக்கும். அது பட்டுப்போன கிளையைக் குடைந்து பொந்து செய்யும். ஓராண்டு குடியிருந்துவிட்டுப் போன பின், பொந்து குடையத் தெரியாத வேறு பறவைகள் அங்கே வந்து சேரும். மைனாவும் கிளியும் இவ்வாறே பொந்து தேடி அலைபவை. தெருவோரத்துப் பட்ட கிளை யார் தலையிலாவது விழும் என்பதால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் நிற்கும் பட்ட மரத்தை ஏன் வெட்டுகிறோம்? பார்வைக்கு அழகில்லை என்ற ஒரே காரணத்தால்தான்.

நீரைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். தென்சென்னையில் மழைநீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் பெரும் பரப்பு அது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதைக் கடித்துக் கடித்துச் சுருக்கின. 2007-ல் அதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் ஏறக்குறைய 1,247 ஹெக்டேர் பரப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாயிற்று. பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே மாநகரப் பேருந்து செல்லும் சாலையிலிருந்தே காணக்கூடியவை. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் வெயிலில் நின்று எழுதிய பட்டியல்கள் இல்லாவிட்டால், ‘வெறும் சேறு’ என்று சொன்னவர்களுக்கு என்ன பதில் கொடுத்திருக்க முடியும்?

சத்தமும் வெளிச்சமுங்கூடப் பறவைகளை மாற்றுகின்றன. ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரத்தில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவி இனத்துப் பறவைகள், அமைதியான தெருக்களில் உள்ளவற்றைவிட உச்ச சுருதியில் பாடுவதை 2003-ல் கண்டறிந்தார்கள். வண்டிகளின் உறுமல் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அதற்கு மேலே குரலை எழுப்பினால்தான் துணைக்குக் கேட்கும். குரலை உயர்த்த முடியாத பறவை என்ன செய்யும்? வேறிடம் தேடும்.

சிட்டுக்குருவியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் பெற்றோர் கோபிப்பார்கள். “எங்கள் சிறுவயதில் எத்தனை குருவி! செல்பேசிக் கோபுரம் வந்துதான் எல்லாம் போயிற்று” என்று எங்கள் அப்பாவும் சொல்வார். ஆனால் 2020-ல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. பெருநகரங்களில்தாம் குறைந்துவருகிறது என்று சொல்கிறது. கோபுரத்தின் மீது பழி போடத் தக்க சான்று இல்லையாம். ஓட்டுக்கூரையின் இடுக்கும் சுவரில் மாட்டிய படத்தின் பின்புறமும் போய்க் காங்கிரீட்டு வந்ததும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும் காரணங்களாக இருக்கலாம் என்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு, “குருவி இனமே அழிந்துவிட்டது” என்று சொல்வது, நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததைக் கண்டு காவிரி வற்றிவிட்டது என்று சொல்வது போலத்தான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தன்னார்வலர் கணக்கிலும் ஒரு குறை உண்டு. எண்ணுகிறவர்கள் எங்கே வசிக்கிறார்களோ, எங்கே ஞாயிற்றுக்கிழமை போக விரும்புகிறார்களோ, அங்கிருந்தே பட்டியல்கள் குவிகின்றன. கிண்டியிலும் அடையாற்றிலும் எண்ணுவதற்கு ஆள் ஏராளம். எங்கள் ஐவரில் ஒருத்தி வடசென்னையிலிருந்து பேருந்தில் வருபவள். அவள் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று எண்ணி ஆறே வகை எழுதினாள். “என் பட்டியல் உங்களுடையதைப் போல இல்லையே” என்று முதலில் காட்டவே கூசினாள். உண்மையில் எங்கள் ஐந்து பட்டியல்களில் மிகவும் தேவைப்பட்டது அவளுடையதுதான். அந்தப் பகுதியிலிருந்து பட்டியல் அனுப்புவோர் குறைவு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2005-ல் செய்த ஆய்வில், செல்வர் வாழும் பகுதியைச் சேர்ந்த சிறு பூங்காக்களில் பறவை வகைகள் அதிகமாகவும், ஏழைகள் வாழும் பகுதிகளில் குறைவாகவும் இருந்தன. நிழலும் காற்றும் குயிலின் குரலுங்கூடப் பணத்தைப் பின்தொடர்ந்து போகின்றன என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குறுகிய தெருவில் நெருக்கமாக வாழ்பவர்கள் மரம் வேண்டாமென்றா சொன்னார்கள்? வைக்க இடம் இல்லை. இருந்த பொது இடத்திலும் யாரும் வைத்துத் தரவில்லை.

இனி நம் தோட்டத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் சேறாகிறது, பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள், சீருடை கெடுகிறது என்று பெற்றோர் பலர் சொன்னதால், சென்ற ஆண்டு சிற்றாலயத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தில் பாதிக்குச் சிமெண்டுக் கற்கள் பதித்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் என் அம்மாவும் ஒருவர். வெள்ளைக் காலுறையைத் துவைப்பவர் அவர்தானே! மீதிப் பாதிக்கும் இந்த மே விடுமுறையில் கல் பதிக்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஆறுமணிக்குருவி வந்த சருகு மூலை அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

நாங்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 20 காலைகள் எண்ணினோம். வழிபாட்டு மணி அடிக்குமுன் ஒரு பாதியில் 15 நிமிடம், மறு பாதியில் 15 நிமிடம். விடிந்தவுடன் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், முதல் நாள் கல் பதித்த பாதியில் தொடங்கினால் மறுநாள் மண் பாதியில் தொடங்கினோம். இல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். கல் பதித்த பாதியில் 20 நாட்களிலும் சேர்த்துக் கண்டவை காகம், மாடப்புறா, மைனா, வாலாட்டிக்குருவி ஆகிய 4 வகை. மண் பாதியில் 17 வகை. தையல்சிட்டு 18 நாட்கள் இருந்தது. குக்குறுவான் ஒதிய மரத்தின் பட்ட கிளையில் பொந்து குடைந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கண்டு, கல்தான் 13 வகைப் பறவைகளை விரட்டிவிட்டது என்று சொல்லக் கூடாது. சிஸ்டர் எங்களை அப்படி எழுத விடமாட்டார். மண் பாதியில் மரங்கள் அதிகம். அது முன்பும் அப்படித்தான். கல் பதிக்குமுன் அந்தப் பாதியில் எத்தனை வகை இருந்தன என்று ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதே தொடங்கியிருக்கலாம். தினமும் அந்த வழியாகத்தான் ஜெபத்துக்குப் போனோம், எண்ணத் தோன்றவில்லை. இப்போது கேட்டால், “கொண்டலாத்தி அங்கே நிற்குமே” என்கிறாள் ஒருத்தி. “இல்லை, இந்தப் பக்கம்” என்கிறாள் மற்றொருத்தி. எழுதி வைக்காதது இப்படித்தான் போகிறது. மீதிப் பாதிக்கு அந்தக் குறை இல்லை. என்ன முடிவு செய்தாலும், முன்பு இருந்தது இன்னது என்று 20 பட்டியல்கள் இருக்கின்றன.

பட்டியலைத் தலைமைச் சகோதரி அவர்களிடம் கொடுத்தோம். பெற்றோர் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினார். கொசு வரும், பாம்பு வரும் என்று சிலர் எழுந்து சொன்னார்கள். அந்த அச்சம் நியாயமானதே. கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில், சருகில் அன்று. ஆனால் சருகுக்குள் பாம்பு இராது என்று எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே, நடைபாதை அளவுக்கு மட்டும் கல் பதித்து, வேலியோரத்து மூலையைப் பிள்ளைகள் போகாதபடி கயிறு கட்டித் தனியாக விடலாமா என்று கேட்டிருக்கிறோம். அம்மாவிடமும் கேட்டேன். “நடைபாதை இருந்தால் காலுறை அழுக்காகாது அல்லவா? அப்படியானால் சரி” என்றார். முடிவு ஏப்ரல் மாதக் கூட்டத்தில்.

அதுவரை அந்த மூலையைக் கூட்ட வேண்டாம், சருகைக் கொளுத்த வேண்டாம் என்று தோட்டக்கார அண்ணனிடம் தலைமைச் சகோதரி சொல்லிவிட்டார். அவருக்கு இது பிடிக்கவில்லை. “இருபது வருஷமாகச் சுத்தமாக வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் என்னைத்தானே சோம்பேறி என்பார்கள்?” என்றார். அதனால் அட்டையில், ‘பறவைகளுக்காகக் கூட்டாமல் விடப்பட்டுள்ளது’ என்று எழுதி வேலியில் தொங்கவிட்டோம். இப்போது அவரே காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நின்று, இன்றைக்குத் தவிட்டுக்குருவி ஒன்பது என்கிறார். நாங்கள் எண்ணும்போது எட்டுதான் இருந்தது. எட்டு என்றே எழுதினோம்.